ராகுவைச் சுட்ட நாற்பத்தோரு துப்பாக்கிகள்

போபா செத்த அன்று நானும் சுட்டேன். முப்பது தோட்டா பிடிக்கிற மேகசின் ஒன்றை முழுசாகக் காலி செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வாய் வராது.

பிக்குகளின் மழைக்கால விரதம் தொடங்குகிற பௌர்ணமி அது. போர் ஓய்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் த்ரபாங் சுவாயில் அறுபத்து மூன்று வீடு. கூரை இடுக்கில் துப்பாக்கி செருகிய வீடு நாற்பதாவது இருக்கும். அரசுப் படையிலிருந்து ஓடிவந்தவன் ஒன்று கொண்டுவந்திருப்பான், காட்டுப் படையிலிருந்து ஓடிவந்தவன் ஒன்று கொண்டுவந்திருப்பான். நான் ஆறு கிராமத்துக்கும் சேர்த்து இருந்த மூன்று போலீஸ்காரர்களில் ஒருவன். எனக்கே அரசாங்கம் கொடுத்தது ஒன்று, வீட்டில் சொந்தமாக ஒன்று.

இருட்டிய கொஞ்ச நேரத்தில் நிலவின் ஓரத்தைக் கருப்பு கவ்வியது. ராகு பிடித்துவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் வயிற்றுப் பிள்ளைக்குக் காவலாகக் கைலி முடிச்சில் ஊக்கு குத்திக்கொண்டு உள்ளே போனார்கள். பெண்கள் அண்டாவைத் தட்டினார்கள். ஆண்கள் சுட்டோம். ராகு பயந்துபோய் நிலவைத் துப்ப வேண்டும். எங்கள் தாத்தாக்கள் தகரத்தையும் முரசையும் தட்டித்தான் அவனை விரட்டினார்களாம். கையில் ஏ.கே. வந்த பிறகு தகரம் எதற்கு? சிரித்துக்கொண்டே சுட்டோம். மேலே போனது எங்கே இறங்கும் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை.

மாலிஸின் வீடு கோயில் பாதையில் மூன்றாவது. அவள் புருஷன் யோன் முற்றத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது வயது மகள் போபா, மரக்கால்மேல் நிற்கிற வீட்டின் ஏணியில் கடைசிப் படியில் உட்கார்ந்து வேகவைத்த சோளக்கதிரைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மெல்லச் சாய்ந்ததைப் பார்த்து, தூக்கம் வந்துவிட்டது போல என்று யோன் நினைத்தானாம். இன்னும் நாலைந்து தடவை சுட்டிருக்கிறான். மாலிஸ் அண்டாவைத் தட்டிக்கொண்டே வந்து மகளைத் தூக்கியபோதுதான் கழுத்தடியில் ஈரம் தெரிந்திருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. அங்கிருந்த நர்ஸ் குண்டை எடுத்து, பஞ்சுத் துணியில் சுற்றி, தாயின் கையில் கொடுத்தாள்.

ஏழாம் நாள் சடங்கு முடிந்ததும் மாலிஸ் போலீஸ் சாவடிக்கு வந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் தோளில் காவடிக்கம்பு போட்டு, ஒரு பக்கம் அரிசிச் சேவை, மறு பக்கம் மீன் குழம்பு என்று ஊர் முழுக்க விற்பவள். வாயாடி. அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்விதான். துணியைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

“இது யாரோடதுன்னு கண்டுபிடிக்க முடியுமா அண்ணே?”

தலைநகரில் பயிற்சிக்குப் போனபோது சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு குழலும் குண்டின் மேல் ஒவ்வொரு மாதிரிக் கீறும். நம் கைரேகை மாதிரி. குண்டையும் துப்பாக்கியையும் அனுப்பினால் அங்கே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

“முடியாது. எல்லாம் ஒரே ரகத் துப்பாக்கி. ஒரே ரகக் குண்டு,” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு குண்டை மறுபடி சுற்றிக்கொண்டு போனாள். அன்று என் வீட்டு வாசலிலிருந்து அவள் வீட்டுப் பக்கம்தான் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்திருந்தேன் என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, நேர் மேலேதான் என்று மறுநாள் தோன்றும்.

அடுத்த கோடையில் அந்தத் திட்டம் வந்தது. வெளிநாட்டு அமைப்பு ஒன்று பணம் போட்டது, அரசாங்கம் ஆள் அனுப்பியது. ஊரில் இருக்கிற துப்பாக்கி அத்தனையும் எரிக்கக் கொடுத்துவிட்டால் ஊருக்குக் கைப்பம்பு வைத்த ஆழ்கிணறு, பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக்கூரை. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வந்தவர் ஒலிபெருக்கியில் அமைதி, வளர்ச்சி என்றெல்லாம் பேசினார். கொடுத்த குளிர்பானத்தைச் சனங்கள் குடித்தார்கள், கை தட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். ஒரு மாதத்தில் வந்தவை இரண்டு: எலி கடித்த நாட்டுத் துப்பாக்கி ஒன்று, விசையே இல்லாத ஏ.கே. ஒன்று.

சரூன் கடைத்தெருவில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொன்னார். அவர் பழைய படைவீரர். ஐம்பது வயது, ஒரு காது கேட்காது.

“கிணறா? தோண்டத் தெரியாதா நமக்கு? கறுப்புச் சட்டைக்காரனுங்க காலத்துல நம்ம கையில ஒரு அரிவாள்கூட இல்ல. என்ன ஆச்சு? மாட்ட ஓட்டிட்டுப் போற மாதிரி ஓட்டிட்டுப் போனானுங்க. இப்பத்தான் எவனும் நம்ம வாசல்ல வந்து கத்த யோசிக்கிறான். அதையும் குடுத்துட்டு கூரை ஓட்ட எண்ணிக்கிட்டு உக்காரவா?”

அவர் பேசினால் மறுத்துப் பேச யாராலும் முடியாது. கறுப்புச் சட்டைப் படை நாட்டை ஆண்ட அந்தக் காலத்தில் அண்ணன் தம்பி மூன்று பேரைப் பறிகொடுத்தவர்.

மறுநாள் காலை மாலிஸ் தன் காவடியை அவர் வாசலில் இறக்கினாள். நானும் அங்கே சேவை சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் கிண்ணத்தில் சேவை வைத்து, குழம்பு ஊற்றி, வாழைப்பூவைக் கிள்ளிப் போட்டாள். பிறகு மடியிலிருந்து துணியை எடுத்துப் பிரித்து, குண்டைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சாப்புடுற எடத்துல இத ஏன் வைக்கிற?”

“எங்க வீட்லயும் சாப்புடுற எடத்துலதான் வந்து விழுந்துச்சு மாமா.”

சரூன் சாப்பிடுகிற குச்சியைக் கீழே வைத்தார். “நான் அன்னைக்கி ரெண்டே ரெண்டுதான் சுட்டேன்.”

“ஒண்ணு போதுமே.”

“என்னோடதுதான்னு சொல்றியா?”

“நான் எங்க சொன்னேன்? உங்களோடது இல்லன்னு நீங்கதான் சொல்லுங்க. சொல்லிட்டா எடுத்துக்கிட்டுப் போயிடறேன்.”

அவர் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா அண்ணே?” என்றாள். என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அவள் குண்டை வைக்கவில்லை. வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்படியே வீடு வீடாகப் போனாள், இரண்டு மாதம். சத்தம் போடவில்லை, அழவில்லை. சேவை கொடுப்பாள், குண்டை வைப்பாள், காத்திருப்பாள். சிலர் திட்டினார்கள். ரூயன் என்கிற இளவட்டம், “அக்கா, உன்னப் பாத்தாலே பசி போயிடுது. யாவாரம் பண்ற லட்சணமா இது?” என்றான். “பசி போனா பரவால்ல, எனக்குத் தூக்கம் போச்சு,” என்றாள். அந்தச் சனிக்கிழமை ரூயனே தன் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிச் சாவடிக்குக் கொண்டுவந்தான்.

அவள் வீடு வீடாகப் போக ஆரம்பித்த பிறகு முதலில் கொடுத்தது யோன். அவன் எப்போதோ வந்து வைத்துவிட்டு, ரசீதுகூட வாங்காமல் போனான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் கிணற்றைப் பற்றித்தான் பேசினார்கள். “நல்ல தண்ணி வந்தா சரிதான்,” என்பார்கள். “புள்ளைங்க மழையில நனையாம படிக்கட்டும்,” என்பார்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொல்வார்கள். எனக்குத் தெரியும். அந்தச் சாமான் வீட்டில் இருக்கிறவரை ‘நானாக இருக்குமோ’ என்கிற கேள்வியும் வீட்டில் இருந்தது. கொடுத்துவிட்டால், எரித்துவிட்டால், அதற்குப் பிறகு எந்தச் சாமியாலும் கண்டுபிடிக்க முடியாது. கிணற்றுக்காகத் தங்கள் துப்பாக்கியைக் கொடுத்தவர்கள் எங்கள் ஊரில் நாலு பேர் இருந்தால் அதிகம். ஒரு மேகசின் காலி செய்த என்னுடைய சொந்தத் துப்பாக்கியையும் பதிவேட்டில் எழுதினேன். வரிசை எண் பத்தொன்பது.

கடைசியாக சரூன் வந்தார். துப்பாக்கியை மேசைமேல் போட்டுவிட்டு, “ஜெயிச்சிட்டா அவ. ஆனா ஒண்ணு சொல்றேன் வுத்தி, ஒரு நாள் நம்ம வாசல்ல எவனாவது வந்து நிப்பான். அப்ப இந்தக் கிணத்துத் தண்ணிய அவன் மூஞ்சியில அடிங்க,” என்றார். அவரிடம் இரண்டு இருந்தது ஊருக்கே தெரியும். கொடுத்தது ஒன்று. நான் கேட்கவில்லை.

மொத்தம் நாற்பத்தொன்று.

எரிப்புக்கு முந்தின நாள் மாவட்டத் துணை அதிகாரி துப்பாக்கிகளைப் பூட்டி வைத்திருந்த கிடங்குக்கு வந்தார். குனிந்து ஒவ்வொன்றாகக் குழலைத் திறந்து பார்த்தார். “வுத்தி, இந்த ஒம்பது நல்லா இருக்கு. தனியா வை. அரசாங்கக் கிடங்குக்குப் போகட்டும்.”

“நாற்பத்தொண்ணு எரிக்கிறோம்னு எழுதியாச்சுங்களே.”

“எழுதினது எழுதினபடி இருக்கட்டும். பக்கத்து ஊர்லேர்ந்து துருப்பிடிச்சது ஒம்பது வந்திருக்கு. எண்ணிப் பாக்கிறவனுக்கு எண்ணிக்கைதானே முக்கியம்?”

தனியாக வைத்தேன்.

மாவட்டப் பந்துத் திடலில் விறகை அடுக்கி, அதன் மேல் துப்பாக்கிகளை அடுக்கி, பெட்ரோல் ஊற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்தார்கள். பிக்குகள் ஓதினார்கள். தீ மூண்டதும் கூட்டம் பின்வாங்கியது. மாலிஸ் மட்டும் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

“நகரத்துக்கு அனுப்பினா யாரு சுட்டதுன்னு பாத்துச் சொல்லிடுவாங்களாமே அண்ணே,” என்றாள் தீயைப் பார்த்தபடியே. “ஆஸ்பத்திரி நர்சு அன்னிக்கே சொன்னா.”

பதிவேட்டை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டேன்.

“அப்ப ஏன் என்கிட்ட வந்து கேட்ட?”

“நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான். முடியாதுன்னு சொன்னீங்க. சரி, இவரும் சுட்டிருக்காரு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“மேல எங்கேயும் போய்க் கேட்டிருக்கலாமே.”

“கேட்டு? யோனோடதுன்னு வந்தா நான் யாரோட குடும்பம் நடத்தறது? உங்களோடதுன்னு வந்தா உங்க புள்ளைங்களுக்கு எப்பிடிச் சேவை போடுறது? எரியட்டும். எல்லாருதும் எரியட்டும்.”

அப்புறம் மடியிலிருந்து துணியை எடுத்தாள். “இதையும் எழுதிக்குங்க. குண்டு ஒண்ணு.” வாங்கிக்கொண்டு பதிவேட்டில் எழுதினேன். அந்த ஒன்பதைப் பற்றி அவளிடம் வாய் திறக்கவில்லை.

யோன் அந்தத் தீயைப் பார்க்க வரவில்லை. அறுவடை முடிந்ததும் தாய்லாந்துப் பக்கம் மீன்பிடிப் படகுக்குப் போனான். இரண்டு முறை ஆள் மூலம் சேதி வந்தது. பிறகு வரவில்லை.

கிணறு வந்தது. தண்ணீர் நன்றாகவே இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குச் சிவப்பு ஓடு போட்டார்கள். அடுத்த ஐந்து வருஷத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் யாருக்கும் கதையாகச் சொல்ல முடியவில்லை. என் பழைய நோட்டில் இருக்கிறது: திட்டத்துக்கு முந்தின மூன்று வருஷத்தில் எங்கள் ஊரில் குண்டு பட்டுச் செத்தவர்கள் பதினோரு பேர். மாட்டுத் தகராறு, வரப்புத் தகராறு, கல்யாணத்தில் குடித்துவிட்டு விளையாட்டுக்குச் சுட்டது, புருஷன் பெண்சாதிச் சண்டை. அதற்குப் பிறகு ஐந்து வருஷத்தில் ஒருத்தன், அதுவும் கோடாலியால்.

ஒரு கல்யாணத்தில் இந்த ரூயனுக்கும் அவன் சித்தப்பா மகனுக்கும் பாட்டுக்காரியைப் பற்றி ஏதோ பேச்சு வந்து அடிதடியாகிவிட்டது. ரூயன் வாயில் ரத்தத்தோடு, “இருடா, வந்து உன்னச் சுட்டுத் தள்றேன்,” என்று வீட்டுக்கு ஓடினான். கூரை இடுக்கில் கைவிட்டுத் துழாவியிருக்கிறான். அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? அடுப்படியிலிருந்து சோற்றகப்பையை எடுத்துக்கொண்டு வந்து பந்தலில் நின்றான். மொத்தக் கல்யாணமும் சிரித்தது. சித்தப்பா மகன்தான் முதலில் சிரித்தான். “சோறு போட வந்தியாடா?” என்று கேட்டான். அன்றைக்கு அவன் செத்திருக்க வேண்டியவன். அது அவனுக்கும் தெரியாது, சிரித்தவர்களுக்கும் தெரியாது.

பிறகு ஒரு ராணுவத் தளபதி வந்தார். வந்தார் என்றால் அவர் வரவில்லை. அவருடைய மச்சினன் பெயரில் இருந்த ரப்பர்த் தோட்டக் கம்பெனி வந்தது. எங்கள் ஊரும் சுற்றியிருந்த வயலும் கம்பெனிக்கு எழுபது வருஷக் குத்தகை என்று தலைநகரில் எப்போதோ கையெழுத்தாகியிருந்தது. மூன்று முறை நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊரார் மூன்று முறை கிழித்தார்கள். மனு எழுதிக்கொண்டு தலைநகருக்கு லாரி பிடித்துப் போனார்கள், மனு வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நெல் பால்பிடிக்கிற சமயத்தில் ஒரு காலை இரண்டு மண்வாரி வண்டிகள் வந்தன. கூடவே கம்பெனிக் காவலாட்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு ஏ.கே. எங்களையும், மாவட்டம் முழுக்கத் திரட்டின போலீஸ்காரர்கள் ஏழு பேரை, அவர்களோடு வரிசையாக நிற்கச் சொல்லி உத்தரவு. நின்றேன். என் சொந்தத் துப்பாக்கியை எரிக்கக் கொடுத்துவிட்டேன், சரி. அரசாங்கம் கொடுத்தது என் தோளில் இருந்தது. அதைக் கொடுக்கச் சொல்லி எந்தத் திட்டமும் வரவில்லை.

ஊரார் கம்பும் அரிவாளும் எடுத்துக்கொண்டு பாதையில் நின்றார்கள். காவலாட்கள் மேலே சுட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகளில் பாதிக்கு அது என்னவென்றே தெரியவில்லை, வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தார்கள். மாலிஸ்தான் ஓடி ஓடி அவர்களை வீட்டுக்கு அடியில் தள்ளினாள். தள்ளிவிட்டு எங்கள் வரிசைக்கு நேரே வந்தாள்.

“வுத்தி அண்ணே, எங்ககிட்ட நாற்பத்தொண்ணு எண்ணி எடுத்தீங்களே. இவங்ககிட்ட எப்ப எண்ணப் போறீங்க?”

பக்கத்தில் நின்ற காவலாள் சிரித்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது சரூன் கூட்டத்திலிருந்து விலகித் தன் வீட்டுக் கொல்லைப் பக்கம் ஓடுவதைப் பார்த்தேன். கையில் மண்வெட்டி. மூங்கில் புதருக்குப் பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தார். அவளும் பார்த்துவிட்டாள். நான் அசையவில்லை. அவள் ஓடினாள். ஓடிப் போய் அவர் வெட்டிக்கொண்டிருந்த குழியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரிடி!”

“மாட்டேன் மாமா.”

“எந்திரிடி நாசமாப் போனவளே, என் வீட்ட இடிக்கிறானுங்க!”

“தெரியுது. இடிக்கட்டும்.”

“மண்டையப் பொளந்துருவேன்!”

“பொளந்துக்குங்க. நான் எந்திரிச்சா நீங்க ஒருத்தனச் சுடுவீங்க. அவங்க பன்னண்டு பேரு இருக்காங்க. புள்ளைங்க வீட்டுக்கு அடியில இருக்கு.”

மண்வெட்டியை அவர் தலைக்குமேல் தூக்கியதை நான் பார்த்தேன். எங்கள் அதிகாரி அந்தப் பக்கம் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால், சரூன் கையில் துப்பாக்கி ஏறியிருந்தால், உத்தரவு அதிகாரியின் வாயில் தயாராக இருந்தது. அவர் சுடச் சொல்லியிருந்தால் நான் சுட்டிருப்பேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பது போல இதைத் தள்ளிவைத்துப் பார்த்திருக்கிறேன், போகவில்லை. எங்கள் ஊர் ஆளை, என் கையால், என் சர்க்கார் துப்பாக்கியால் சுட்டிருப்பேன்.

மண்வாரி சரூனின் வீட்டுக் கால்களை முட்டியது. வீடு முதலில் உட்கார்ந்தது, பிறகு படுத்தது. அவர் மண்வெட்டியை வீசியெறிந்துவிட்டு அங்கேயே குந்தி, காது கேட்காத பக்கத்தைக் கையால் அடித்துக்கொண்டு அழுதார். மாலைக்குள் அறுபத்து மூன்று வீடும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள், காவலாட்கள் தங்குவதற்கு. கைப்பம்பில் ஒருத்தன் அன்றே சட்டையைக் கழற்றிக் குளித்துக்கொண்டிருந்தான். மூங்கில் புதரையும் மட்டமாக்கினார்கள். அதற்கு அடியில் ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஒரு வீடுகூட மிச்சமில்லை.

முப்பது கிலோமீட்டர் தள்ளி, கல் தரையில், வீட்டுக்கு இவ்வளவு என்று கயிறு பிடித்து அளந்து கொடுத்தார்கள். நெல் விளையாத மண். மழை பெய்தால் நீர் தங்காது, பெய்யாவிட்டால் புல்லும் தங்காது. நான் மறுவருஷம் வேலையை விட்டேன். விட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். கேட்டால் அவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். மனைவியின் ஊர் இருந்தும் போகாமல் இவர்களோடேயே வந்து ஒரு குடிசை போட்டேன். என்னைத் திட்டினார்கள், ஆனால் போலீஸ்காரன் இப்படித்தான் இருப்பான் என்று விட்டுவிட்டார்கள். மாலிஸை விடவில்லை.

“நம்ம துப்பாக்கியத் தின்னவ வர்றா பாரு,” என்பார்கள் அவள் காவடி தெருவில் திரும்பும்போதே. “என்னடி, இன்னைக்கி குண்டு கொண்டாரலியா? சேவைக்குத் தொட்டுக்க?” கொஞ்சம் கொஞ்சமாக யாரும் அவளிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். அவள் காவடியை எடுப்பதை விட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் தகரம் போட்டு உட்கார்ந்தாள். லாரிக்காரர்கள் சாப்பிட்டார்கள். சரூன் தினமும் காலையில் சைக்கிளில் அந்த வழியாகப் போவார். கடைக்கு நேரே வந்ததும் இறங்கி, காறி ஒரு துப்பு துப்பிவிட்டு, ஏறிப் போவார். அந்தக் காவலாட்களில் ஒருத்தன் தோளில் தொங்கியது தன்னுடைய துப்பாக்கிதான் என்று அவர் எல்லாரிடமும் சத்தியம் செய்தார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற சாமானில் அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. பொய் என்று சொல்லவும் எனக்கு வாயில்லை.

ஒரு நாள் அவளிடம் சொல்லிவிட்டேன். கடையில் ஆள் இல்லாத நேரம்.

“அன்னிக்கி எல்லாத்தையும் எரிக்கல மாலிஸ். நல்லதா ஒம்பது எடுத்து வச்சிட்டாங்க. நான்தான் எடுத்து வச்சேன்.”

குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த கை நின்றது. என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“மீதி முப்பத்திரண்டு எரிஞ்சுதுல்ல?” என்றாள் கடைசியில்.

“எரிஞ்சுது.”

“நிச்சயமா?”

“என் கண்ணால பாத்தேன்.”

“சரி,” என்று மறுபடி கிளற ஆரம்பித்தாள். அன்றைக்கு எனக்குச் சேவை போடவில்லை. மறுநாள் போட்டாள்.

இந்த வருஷம் வறட்சி தொடங்கின சமயத்தில் தலைநகரிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, முதுகில் பை. அந்தத் திட்டம் முடிந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, பலன் இருந்ததா இல்லையா என்று ஆராய்கிறார்களாம். பழைய பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறான். அவனை மாலிஸின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு படித்தான்.

“இத்திட்டத்தால் தங்கள் கிராமம் முன்பைவிடப் பாதுகாப்பாக உள்ளதா? ஆம், ஓரளவு, இல்லை. இதுல ஒண்ணு சொல்லணும் அத்தை.”

“கிராமமே இல்லியே தம்பி.”

பேனாவை ‘இல்லை’ பக்கம் கொண்டுபோனான்.

“இரு, இரு. அவசரப்படாத. ரூயன்னு ஒருத்தன் இருக்கான். செங்கல் சூளையில வேல பாக்கறான். ரெண்டு புள்ள. அவன் சித்தப்பா மகனும் அங்கதான், ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் போறாங்க. அத எழுது.”

“அவங்களுக்கு என்ன ஆச்சு அத்தை?”

“ஒண்ணும் ஆகல. அதத்தான் எழுதச் சொல்றேன்.”

அவன் என்னைப் பார்த்தான்.

“அறுவத்து மூணு வீடு போச்சு. அதையும் எழுது. இடிச்சவன் கையில துப்பாக்கி இருந்துச்சு, எங்க கையில இல்ல. அதையும் எழுது. எங்க கையிலயும் இருந்திருந்தா எத்தன பேரு செத்திருப்போம்னு எனக்குத் தெரியாது. எதுத்து நின்னா அவன் வராமயே போயிருப்பான்னு சொல்றாங்க. அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாதுன்னே எழுது.”

“அதுக்கெல்லாம் இதுல எடம் இல்ல அத்தை. கட்டத்துல டிக் அடிக்கணும், அவ்வளவுதான்.”

“அப்ப உனக்கு எது தோணுதோ அடிச்சுக்க.”

அவன் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தான். ‘ஓரளவு’ என்பதில் அடித்தான். அவள் வைத்த சேவையை முழுசாகச் சாப்பிட்டான், நன்றாக இருக்கிறது என்றான், தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனான்.

அந்த நேரம் பார்த்து சரூன் சைக்கிளில் வந்தார். இப்போதெல்லாம் மிதிக்க மூச்சு வாங்குகிறது. கடைக்கு நேரே இறங்கினார். காறினார், இருமல் வந்துவிட்டது, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினார், பிறகு துப்பினார். எங்கள் பக்கம் திரும்பாமல் மறுபடி ஏறிப் போனார்.

மாலிஸ் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த மாசம் இருமல் ஜாஸ்தியா இருக்கு இவருக்கு,” என்றாள். “ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க அண்ணே. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, போக மாட்டாரு.” வாளியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அவர் துப்பின இடத்தில் ஊற்றிவிட்டு, அடுப்பில் விறகைத் தள்ளிவிட உட்கார்ந்தாள்.